தயங்கும் தெரபிஸ்ட்டுக்கும் அதே மருந்து

நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு நிமிடம் வேகவேகமாக, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே தலை கிறுகிறுக்கும். விரல் நுனி மரத்துப்போகும், உதடு குறுகுறுக்கும். எதிரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர், "இன்னும் நாற்பது விநாடி, விடாதீர்கள்" என்பார். நிமிடம் முடிந்ததும் ஓய்வுகூடத் தராமல், "சரி, மறுபடியும்" என்பார்.

பார்க்கிறவர்களுக்கு இது கொடுமையாகத்தான் தெரியும். ஆனால் திடீர் திடீரெனக் கடும் பயமும் படபடப்பும் வந்து ஆட்டிவைக்கும் பீதி நோய்க்கு (panic disorder) நன்றாகப் பலன் தரும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. அதைச் செய்துவைக்கத் தெரபிஸ்ட்டுகளே தயங்குகிறார்கள் என்பதுதான் இதிலுள்ள பெரிய சிக்கல்.

முதலில் உடம்பில் நடப்பதைப் பார்ப்போம். மூச்சு வேகமானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால் மூளையின் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்க, கிறுகிறுப்பு வருகிறது. மூச்சு பழைய நிலைக்கு வந்ததும் அதுவும் போய்விடும். பீதி நோய் உள்ளவருக்கோ அந்தக் கிறுகிறுப்பே "மயங்கி விழப்போகிறேன்", "ஹார்ட் அட்டாக் வருகிறது" என்று கேட்கிறது. உடனே உட்காருகிறார், தண்ணீர் குடிக்கிறார், துணைக்கு ஆளைக் கூப்பிடுகிறார். படபடப்பு அடங்குகிறது. உட்கார்ந்ததால்தான் பிழைத்தோம் என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. உட்காராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லாமல் போகிறது.

பயப்படும் விஷயத்தைத் தவிர்க்காமல் நேராகச் சந்திக்கவைக்கும் சிகிச்சையான எக்ஸ்போஷர் தெரபி திறந்துவிடுவது அந்த வழியைத்தான். 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் சாப்பிடும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். இன்று மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்கள் இன்னும் துல்லியமாகச் சொல்கிறார்கள்: பழைய பயம் அழிவதில்லை, அதன் பக்கத்தில் "இது ஆபத்தில்லை" என்ற புதிய பாடம் வளர்கிறது. "மயங்கி விழுவேன்" என்று எதிர்பார்த்தவர் விழாமல் இருக்கிறார் அல்லவா, அந்த வியப்பு எவ்வளவு பெரிதோ, பாடமும் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது.

இப்போது தெரபிஸ்ட் பக்கம் வருவோம். நோயாளியின் கண் கலங்குகிறது. "போதும், மெதுவாக மூச்சு விடுங்கள்" என்கிறார் தெரபிஸ்ட். அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் நோயாளி எடுத்துக்கொண்டு போகும் பாடம், "மெதுவாக மூச்சு விட்டதால் தப்பித்தேன்" என்பது. உளவியலாளர் பிரெட் டீக்கனின் குழு, உடல் அறிகுறிகளுக்கு அதிகம் பயப்படுகிறவர்களை வைத்து இதைச் சோதித்து 2013இல் வெளியிட்டது. இடையிடையே நிறுத்தி ஆசுவாசப்படுத்திக்கொண்டவர்களைவிட, விடாமல் தொடர்ந்து செய்தவர்களுக்குப் பயம் நன்றாகக் குறைந்தது.

அதே ஆண்டு டீக்கன் குழுவினர் தெரபிஸ்ட்டுகளின் நம்பிக்கைகளை அளக்க 21 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றையும் தந்தார்கள். நோயாளிகளால் இந்தப் பதற்றத்தைத் தாங்க முடியாது, பாதியில் ஓடிவிடுவார்கள் என்பது போன்ற எண்ணங்கள் அதில் வருகின்றன. இப்படி நம்புகிறவர்கள் எக்ஸ்போஷரை அரைகுறையாகவே செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. தவிர்த்த நிமிடத்தில் அவர்களுக்கும் நிம்மதி. "நல்லவேளை, நிறுத்தினேன்" என்று அவர்கள் மனசும் அதே கணக்கைத்தான் எழுதிக்கொள்கிறது. எனக்கு இதைப் படித்தபோது குறை சொல்லத் தோன்றவில்லை. எதிரே ஒருவர் தவிக்கும்போது கை நீட்டத் துடிப்பது மனித இயல்புதானே!

அதனால்தான் தெரபிஸ்ட்டுகளுக்கான நல்ல பயிற்சி, விரிவுரையோடு நின்றுவிடுவதில்லை. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு போன்றவை இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, நோயாளி கேட்டால் நிறுத்த வேண்டும் என்பதும் அடிப்படை. அப்புறம் பயிற்சி பெறுகிறவர்களே மூச்சு வாங்குகிறார்கள், நாற்காலியில் சுற்றுகிறார்கள், ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுகிறார்கள். அதற்கு முன்னால் "என்ன ஆகும்?" என்று தாளில் எழுதிவைக்கிறார்கள். பிறகு ஒருவர் நோயாளியாகவும் இன்னொருவர் தெரபிஸ்ட்டாகவும் நடித்துப் பார்க்கிறார்கள்.

இதைவிட ஆழமாக வேலை செய்வது, உண்மையான அமர்வின் ஒலிப்பதிவை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து கேட்பது. நாற்பதாவது விநாடி. "முடியாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்" என்று தெரபிஸ்ட்டின் குரல். மேற்பார்வையாளர் பதிவை நிறுத்துகிறார். நோயாளி நிறுத்தச் சொன்னாரா? இல்லை. அப்படியானால் அந்த வாக்கியம் யாருடைய பதற்றத்தை அடக்கியது? தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்வது கடினம்.

அடுத்த வாரமும் அதே வாக்கியம் தொண்டை வரை வருகிறது. தெரபிஸ்ட் அதை விழுங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார். நிமிடம் முடிகிறது. நோயாளி முன்பே எழுதிவைத்த தாளை எடுத்து நீட்டி, "விழுந்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். என்ன நடந்தது?" என்று தெரபிஸ்ட் கேட்கிறார். மூச்சு வாங்கியபடி நோயாளி தாளையும், தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையும் பார்க்கிறார்.

"சரி, மறுபடியும். இந்த முறை நின்றுகொண்டே செய்து பார்ப்போமா?"