தைலம் தேய்த்தால் அரிப்பு ஏன் அடங்குகிறது?

கோத்தகிரி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மார்கழி பிறந்தாலே கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஒரே அரிப்பு. தடிப்போ புண்ணோ எதுவும் இல்லை. அலர்ஜி மாத்திரை போட்டும் நிற்கவில்லை. நீலகிரி தைலம் தேய்த்தால் மட்டும் கொஞ்ச நேரம் நிம்மதி. தைலம் அப்படி என்ன செய்கிறது?"

அரிப்பு எதனால் வருகிறது என்பதை முதலில் முடித்துவிடுவோம். உறைபனி விழும் மாதங்களில் மலைக்காற்றில் நீராவி குறைவு. தோலின் வெளியடுக்கு 0.02 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதில் உள்ள கொழுப்புதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. குளிருக்கு இதமாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, சோப்பையும் அழுத்தித் தேய்த்தால் அந்தக் கொழுப்பு கரைந்து போய்விடும். முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு என்பதால் அங்கேதான் முதலில் வறண்டு, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விடும். அடியில் இருக்கும் நரம்பு முனைகள் தூண்டப்படும்.

மாத்திரை ஏன் கேட்கவில்லை? சாதாரண அலர்ஜி மாத்திரை ஹிஸ்டமின் என்ற ஒரே பொருளின் வேலையைத்தான் தடுக்கிறது. காஞ்சொறி பட்டு உடனே சுணைப்பதிலும், திடீரென்று உடம்பெல்லாம் தடிப்பதிலும் ஹிஸ்டமினுக்குப் பங்கு உண்டு. ஆனால் மலையடிவாரத்துப் புதர்களில் படரும் பூனைக்காலியைப் பாருங்கள். அதன் காயை மூடியிருக்கும் பொன்னிறச் சுணை உடம்பில் பட்டால் அரிப்பு தாங்காது. ஹிஸ்டமின் மாத்திரைக்கு அடங்கவும் அடங்காது. அந்தச் சுணையில் இருப்பது மியூக்குனைன் என்ற நொதி. அது நரம்பு முனையில் உள்ள வேறோர் ஏற்பியை, அதாவது குறிப்பிட்ட தூண்டலுக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் புரதத்தை, தட்டி எழுப்புகிறது. அரிப்பை மேலே கொண்டுபோகிற நரம்புகள் ஒரே வகை அல்ல என்று ஆய்வாளர்களுக்குக் காட்டிக்கொடுத்ததில் பூனைக்காலிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வறண்ட தோலின் அரிப்பும் பெரும்பாலும் ஹிஸ்டமினை நம்பியிருப்பதில்லை.

இனி தைலத்துக்கு வருவோம். அதற்கு அரிப்பு எந்த வழியாக மூளைக்குப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சொறியத் தூண்டுகிற, விரும்பத்தகாத உணர்ச்சியே அரிப்பு என்று 1660இல் ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் எழுதி வைத்தார். அந்த விளக்கம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அரிப்பு என்பது மெலிந்த வலி, அவ்வளவுதான் என்றே பலர் நெடுங்காலம் நினைத்தார்கள். 2007இல் ஜோ-ஃபெங் சென் என்ற ஆய்வாளரின் குழு, எலியின் தண்டுவடத்தில் அரிப்புச் செய்திக்கு என்றே வேலை செய்யும் ஓர் ஏற்பியைக் கண்டுபிடித்தது. 2009இல் அந்த ஏற்பியைத் தாங்கிய நரம்புச் செல்களை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். எலிகள் சொறிவதை ஏறக்குறைய அடியோடு விட்டுவிட்டன. வலியோ பழையபடியே தெரிந்தது. அரிப்புக்குத் தனிப் பாதை உண்டு என்பது உறுதியானது.

அந்தப் பாதையில் செய்தி போகிற வேகம் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர். கணுக்காலில் கிளம்பிய அரிப்பு மூளைக்கு எட்ட ஒரு நொடிக்கு மேல் ஆகும். தண்டுவடத்தில் அது ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற இடத்தில் சின்னஞ்சிறு அடக்கு செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு அலுப்பதே இல்லை! சாரா ராஸ் என்ற ஆய்வாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் செல்கள் இல்லாமல் வளர்ந்த எலிகள் தோல் புண்ணாகும் வரை தங்களையே சொறிந்துகொண்டன. அப்படியென்றால் நம் உடம்பிலும் இந்தச் செல்கள் சதா அரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அவற்றை முடுக்கிவிடுவது எது? நகத்தால் கீறும்போது எழும் சிறு வலி ஒன்று. குளிர்ச்சி மற்றொன்று.

குளிரை உணர்கிற ஏற்பி 2002இல் அடையாளம் காணப்பட்டது. கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021இல் நோபல் கிடைத்தது. புதினாவின் மெந்தால் பட்டாலும் இந்த ஏற்பி திறந்துகொள்ளும். நீலகிரி தைலத்தின் முக்கியப் பொருளான சினியோல் பட்டாலும் திறக்கும். தோல் உண்மையில் குளிர்ந்திருக்கவே வேண்டியதில்லை. தண்டுவடத்துக்குக் குளிர் என்று செய்தி போய்விடும், அடக்கு செல்கள் விழித்துக்கொள்ளும், அரிப்புச் செய்தி அங்கேயே தடுக்கப்படும். 1843இல் இந்த மலைக்கு வந்து இறங்கிய யூகலிப்டஸ் மரத்தின் இலை எண்ணெயைக் காலில் தேய்த்ததும் அதன் செய்தி முதுகுக்குள் போய் வேலை செய்கிறது என்றால் எவ்வளவு அழகான விஷயம்!

ஆனால் வறட்சி அப்படியே இருக்கிறதே. அதற்கு வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூச வேண்டும். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுவதால் ஊட்டிப் பக்கம் பாட்டிலை அடுப்பருகே வைத்து உருக்கத்தான் வேண்டும். தைலத்தைத் தனியாகப் பூசாமல் அந்த எண்ணெயில் சில சொட்டு கலந்துகொள்ளுங்கள். வெடித்த தோலில் வெறும் தைலம் எரியும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும்.

அக்கிக்குக் காவியால் எழுதுகிற வழக்கத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈரக் காவி பட்டதும் இதமாக இருப்பது நிஜம். குளிர்ச்சியின் வேலை அது. அக்கியோ வைரஸால் வருவது. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன். எழுதிவிட்டுக் காத்திருப்பதில் அந்த நேரம் போய்விடுகிறது என்பதுதான் என் வருத்தம். கடையில் தானாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் அப்படித்தான்: படர்தாமரையின் அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் சொறி சிரங்கு வந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில், சிரங்கைப் பரப்பும் நுண்பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் களிம்பைப் பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். அரிப்பு தெரியாதவரும் பூச வேண்டும். முதல் முறை தொற்றுபவருக்கு அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மருந்து விலை அதிகமில்லை. வீடு வீடாகப் போகத்தான் ஆளும் பணமும் தேவை. 1907 முதல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் என்ற தடுப்பூசி நிலையத்தை வைத்திருக்கும் இந்த மாவட்டத்தில், தோல் நோய்களுக்கென்று ஒரு நல்ல கள ஆய்வுக்கு அரசு தாராளமாகச் செலவிடலாம்.

கோத்தகிரி அம்மா, இரண்டு வாரம் எண்ணெய் பூசிப் பாருங்கள். குறையாமல் உடம்பெல்லாம் பரவி ஆறு வாரத்தைத் தாண்டினால் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச்சத்து ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கண் மஞ்சளாகவோ காரணமில்லாமல் எடை குறையவோ தொடங்கினால் அதுவரை பொறுக்கவே வேண்டாம்.