அம்மாவின் பெட்டியில் அம்மாவின் ஸ்வெட்டருக்கும் இடம் வையுங்கள்

சென்ற வாரம் அதிகாலை 2 மணி. சென்னை விமான நிலையத்தில் என் செக்-இன் கவுன்ட்டருக்கு முன்னால், 70 வயதை நெருங்கிய ஓர் அம்மா தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்குப் போகிறார். ஒரு பெட்டி 29 கிலோ, இன்னொன்று 15. கனத்த பெட்டியிலிருந்து அவர் முதலில் எடுத்து வெளியே வைத்தது தன் இரண்டு புடவைகளையும் ஸ்வெட்டரையும்தான். பிறகு முறுக்கு டப்பாவைக் கைப்பைக்கு மாற்றினார். அதற்கு இடம் வேண்டுமே! கைப்பையில் இருந்த ரத்த அழுத்த மாத்திரைகள் பெரிய பெட்டிக்குள் போயின. அப்போதுதான் நான் எழுந்து வெளியே வந்தேன்.

16 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்தக் காட்சியைப் பார்க்காத வாரம் இல்லை.

வழியனுப்ப வந்து வெளியே நின்ற மகன் தொலைபேசியில் கேட்டார்: "மேடம், இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 46 கிலோ வரை உண்டு. எங்களுடையது 44தான். இதில் என்ன தப்பு?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அம்மாவின் டிக்கெட்டில் இருப்பது 46 கிலோ அல்ல. 23 கிலோவில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் மிச்சமான எடையை இன்னொன்றில் சேர்க்க முடியாது. "சித்தப்பா துபாய் போனபோது விட்டார்களே" என்பார்கள். அந்த டிக்கெட்டில் மொத்த எடைதான் கணக்காக இருந்திருக்கும். அங்கும்கூட, தனிப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் பணம் கட்டினாலும் ஏற்பதில்லை. ஏன் தெரியுமா? விமானத்துக்குச் சில கிலோ கூடுவது பெரிதில்லை. சிறிய விமானங்களின் சரக்கு அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. அதற்குள் ஒருவர் மண்டியிட்டு, உங்கள் பெட்டியைக் கையால் இழுத்து அடுக்குகிறார். அதன் பிறகு அடுத்த பெட்டி, அதற்கடுத்தது. அவருடைய முதுகெலும்புக்காக வைத்த வரம்பு இது. கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் கெஞ்சினால் கூடுகிற எண் அல்ல. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

காலிப் பெட்டியே 4, 5 கிலோ இருக்கும் என்பதை மட்டும் கடையிலேயே தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

கொப்பரை வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. கற்பூரமும் தீப்பெட்டியும் பூஜைப் பையோடு வீட்டிலேயே இருக்கட்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். பெரிய பெட்டியில் இருந்தால் ஸ்கேனில் பிடித்து நிறுத்துவார்கள். அதைத் திறந்து காட்ட அம்மாவைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதற்குள் விமானத்தில் ஆள் ஏறத் தொடங்கியிருக்கும். ஊறுகாய், நெய் பாட்டில்களைக் கடைசி நிமிடத்தில் கைப்பைக்கு மாற்றாதீர்கள். வெளிநாட்டுப் பயணத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பாழாக்கும் பூச்சி அதில் தங்கும்.

அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். சாம்பார் பொடியும் அப்பளமும் டல்லாஸில் கிடைக்காதா? எடிசன், ஃபிரீமான்ட் போன்ற அமெரிக்க ஊர்களில் இந்தியக் கடைகள் இல்லையா? நீங்கள் பட்டியல் அனுப்பினால் அம்மா 'முடியாது' என்று சொல்லமாட்டார். முழங்கால் வலியோடு, நடுவழியில் விமானம் மாறி, அந்தப் பெட்டிகளைச் சுழலும் பட்டையிலிருந்து தனியாக இழுக்கப்போவது அவர்தான். தயவுசெய்து பட்டியலைச் சுருக்குங்கள்.

அந்த அம்மாவின் மாத்திரைகளை, மருத்துவர் சீட்டோடு, நானே கைப்பையில் எடுத்து வைத்தேன். முறுக்கு டப்பா மகனோடு வீட்டுக்குத் திரும்பியது. வேறு சிலவற்றை இரண்டாவது பெட்டிக்கு மாற்றியதும், ஸ்வெட்டருக்கு இடம் கிடைத்தது. பெட்டி போய்ச் சேர இரண்டு நாள் தாமதமானால் புடவை இல்லாமல் சமாளிக்கலாம். மாத்திரை இல்லாமல்?

வீட்டிலேயே எடை பாருங்கள். முந்தைய பயணத்தின் டேக்குகளைக் கிழித்துவிடுங்கள். பழைய பார்கோடு பெட்டியை வேறு ஊருக்கு அனுப்பிவிடக்கூடும். இன்னொன்று: விமானத்தில் இடமில்லை என்று வாசலிலேயே கைப்பையை வாங்கிக்கொள்ளும் நாட்களும் உண்டு. கொடுக்கும் முன் மாத்திரை, பாஸ்போர்ட், பவர் பேங்க் மூன்றையும் வெளியே எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள். அவற்றை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, கைப்பையின் மேலாக வைத்துவிட்டால் அம்மாவுக்குத் தேடும் வேலை இருக்காது.