வாலிபர் ஊழியருக்கும் ஒரு நண்பர் வேண்டும்

சபைகளில் வாலிபர்களை வழிநடத்தும் ஊழியர்களுக்கான பயிற்சி முகாம்களில் தேநீர் இடைவேளையின்போது ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும்: "உங்க கூட்டத்துக்கு எத்தனை பேர் வர்றாங்க, பிரதர்?" ஒருவர் அறுபது என்பார். கேட்டவருக்குத் தன் கணக்கைச் சொல்ல வாய் வராது. அப்புறம் பேச்சு கிட்டார், புரொஜெக்டர், விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) பாட்டு என்று போய்விடும். பக்கத்துப் பக்கத்துச் சேகரங்களில் (சபை வட்டாரங்களில்) இதே பாரத்தைச் சுமக்கிற இரண்டு பேர், மனம்விட்டு ஒரு வார்த்தை பேசாமலே பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இவர்களில் பலருக்கு இது சம்பள வேலை இல்லை. பகலில் கடை, பள்ளிக்கூடம், ஆபீஸ்; சாயங்காலமும் ஞாயிறும் ஊழியம். மனச்சோர்வை ஆயரிடம் சொன்னால் பொறுப்பு கைமாறிவிடுமோ என்று பயம். கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. வீட்டில் சொன்னால், "அப்ப விட்டுடுங்க" என்று முடித்துவிடுவார்கள். ஊழியத்தை விட்டுவிடலாமா என்று என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில், பிள்ளைகளால் நொந்தவர்களைவிடத் தனியாகச் சுமந்து களைத்தவர்களே அதிகம்.

மனம்விட்டுப் பேச ஒரு நண்பர் வேண்டும் என்ற இந்தத் தேவை புதிதல்ல. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா, பிஷப் ஆவதற்கு முன் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராக வாலிபர்கள் மத்தியில் வேலை செய்தவர். 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை மனதாரப் பாராட்டிவிட்டு, "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். கூட வேலை செய்வது வேறு, தோழமை வேறு என்பதைச் சபையறியச் சொன்ன துணிச்சல் அது. ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. ஊழியரோடு தனக்கிருந்த நெருக்கத்தால், நட்பு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அப்படி ஒரு நண்பரை உங்கள் சபைக்கு வெளியே தேடுங்கள். உங்கள் வேலைக்கு மதிப்பெண் போடும் இடத்தில் அவர் இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை, முகாம் வேலை எதுவும் இல்லாத நாளில் சந்தியுங்கள். "எப்படி இருக்கீங்கண்ணே?" என்றால், "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். பொய்யில்லை, ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "ராத்திரி தூக்கம் வருதா? வீட்ல அக்கா என்ன சொல்றாங்க?" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். அவர் ஏதாவது சொல்லத் தொடங்கியதும், "ஜெபிப்போம்" என்று அவசரமாகக் கண்ணை மூடிவிடாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு ஜெபிக்கலாம். ஊழியத்தில் உள்ள அக்காமார் கூட்டம் முடிந்ததும் சமையலுக்கு வீடு திரும்ப வேண்டியிருப்பதால், இந்தப் பேச்சுகளிலிருந்து விடுபட்டுப்போகிறார்கள். அவர்களுக்குத் தோதான நேரத்தைப் பார்த்துச் சந்திப்பை வையுங்கள்.

நண்பரிடம் பேசும்போது எந்தப் பிள்ளையின் பெயரும் ஊரும் வர வேண்டாம். வாட்ஸாப் குழுவில் "ஜெபக்குறிப்பு" என்று போடவே வேண்டாம். ஆனால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால், அதை நண்பர்களுக்குள் ரகசியமாக வைக்க இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. சபையின் பெயர் கெடும் என்று நாலுபேர் தடுக்கும்போது உங்கள் நண்பர் தடுமாறக்கூடும். அன்றைக்குக் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு அவரோடு காவல் நிலையம்வரை போங்கள்.