கடைசி பெஞ்சின் பதிலையும் படிக்கும் அட்டை

பாடம் முடிந்ததும் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால், ‘புரிஞ்சுது டீச்சர்!’ என்று வகுப்பே சேர்ந்து குரல் கொடுக்கும். நாற்பது பேரில் யாருக்குப் புரிந்தது என்பது அந்தக் குரலில் தெரியாது. கையைத் தூக்கச் சொன்னாலும் வழக்கமான நாலைந்து பேர்தான் தூக்குவார்கள். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். அதை 3 நொடியாக்கியபோது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பதில் சொன்னார்கள்.

எல்லாரிடமிருந்தும் பதில் வாங்க ஆளுக்கொரு டேப்லெட் கொடுக்கலாம்தான். எத்தனை பள்ளிகளால் முடியும்? கலிஃபோர்னியாவில் கணித ஆசிரியராக இருந்த நோலன் ஏமி உருவாக்கிய ‘பிளிக்கர்ஸ்’ முறையில் பிள்ளைகளிடம் இருப்பது அச்சிட்ட காகித அட்டை மட்டுமே. கைபேசி ஆசிரியரிடம் ஒன்று இருந்தால் போதும்.

அட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான ஒரு வடிவம் இருக்கும். அதன் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்துகள். எந்தப் பதிலோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் கைபேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்துவார்.

இப்படிப்பட்ட குறிகளைக் கணினி படிக்கும் விதம் பொதுவாக இதுதான். முதலில் படத்தைக் கறுப்பு, வெள்ளை என இரண்டாகப் பிரிக்கும். ஜன்னலோரம் வெளிச்சமாகவும் மூலையில் இருட்டாகவும் இருக்குமே, அதனால் ஒவ்வொரு பகுதியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் பிரிக்கும். அப்புறம் குறியின் மூலைகளைத் தேடி, சாய்வாகத் தெரியும் வடிவத்தைக் கணக்குப் போட்டு நேர் சதுரமாக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் 0 அல்லது 1 என்று குறித்துக்கொண்டு, தன்னிடமுள்ள பட்டியலோடு நான்கு திசைகளிலும் திருப்பிப் பார்க்கும். எந்த வடிவம் பொருந்தியதோ அது மாணவரின் எண். எத்தனை முறை திருப்பியபின் பொருந்தியதோ அது பதில்.

எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரியும் வடிவம் இதற்கு ஆகாது. ஓர் அட்டையைத் திருப்பினால் இன்னோர் அட்டையாகத் தெரியவும் கூடாது. கட்டங்கள் பெரியவையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வழக்கமான கியூஆர் குறிகளில் மிகச் சிறியதிலேயே வரிசைக்கு 21 கட்டங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அவை கலங்கிவிடும். சில பெரிய கட்டங்கள் என்றால் கடைசி பெஞ்சிலிருந்தும் தெளிவாகப் பதியும். பளபளப்பாக லேமினேட் செய்ய வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் பட்டால் கறுப்பும் வெள்ளையாகிவிடும்.

ஒவ்வொரு அட்டையும் வேறு வடிவம் என்பதால் பக்கத்தில் எட்டிப் பார்த்தாலும் காப்பியடிப்பது கடினம். தப்பாகச் சொன்னவரைப் பார்த்துச் சிரிக்கவும் வழியில்லை. கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் கேள்வி சரியாக அமைய வேண்டும். 0.3, 0.45, 0.125 இவற்றில் எது பெரியது? 0.125 என்று காட்டும் பிள்ளை, புள்ளியை விட்டுவிட்டு முழு எண்ணாகப் படித்திருக்கலாம். 0.3 என்று காட்டும் பிள்ளை, புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினால் மதிப்பு குறையும் என்று நினைத்திருக்கலாம். இரண்டுமே தவறு, ஆனால் இருவருக்கும் சொல்ல வேண்டிய விளக்கம் வேறு. நான்காவது விடையாக ‘தெரியவில்லை’ என்று வைத்துவிட்டால் குருட்டாம்போக்கில் காட்டுவதும் குறையும்.

பதில்கள் பிரிந்து கிடந்தால் உடனே விடையைச் சொல்லிவிடக் கூடாது. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இதற்குக் கைகொடுக்கும்: பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொல்லி, மறுபடி அதே கேள்வியைக் கேட்பது. இந்த முறையில் பொத்தானை அழுத்திப் பதில் சொல்லும் மின்னணுக் கருவியையும் சாதாரண எழுத்து அட்டையையும் ஆய்வாளர் நாதனியேல் லாஸ்ரி கனடாவில் ஒப்பிட்டுப் பார்த்தார். 2008இல் வெளியான அந்த ஆய்வில், கற்றலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பலன் விவாதத்திலிருந்து வருகிறது. கேமரா கூடுதலாகத் தருவது, யார் என்ன காட்டினார் என்ற பதிவு. யாரோடு தனியாக உட்கார வேண்டும் என்று ஆசிரியர் அன்று மாலையே பார்த்துக்கொள்ளலாம்.

திரையில் முடிவைக் காட்டும்போது பெயர்களை மறைத்துவிடுங்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால், கேள்வியையும் விடைகளையும் வாய்விட்டுப் படியுங்கள்; அவருடைய அட்டையின் பின்புறம் ஏ பக்கத்தில் ஒன்று, பி பக்கத்தில் இரண்டு என்று தடவித் தெரியும்படி பொட்டு ஒட்டிக் கொடுங்கள்.