ஒன்றரை மணிக்குப் பிறகு

தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றரைக்கு விட்டுவிடும். அம்மா மடுவத்தில் கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்து சேர நாலரை, ஐந்தாகிவிடும். நடுவில் கிடக்கும் இந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி உளவியலாளர்கள் நெடுங்காலமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள்.

பதின்வயதினர் கையில் பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறார்கள், மனம் எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்ன ஆய்வுகளை வைத்து, அமெரிக்கரான ரீட் லார்சன் 2000இல் ஒரு கட்டுரை எழுதினார். வகுப்பில் கவனம் இருந்தது, விருப்பம் இல்லை. நண்பர்களோடு அரட்டையில் விருப்பம் இருந்தது, கவனம் இல்லை. இரண்டும் கூடி வந்தது, தாமாக விரும்பிச் சேர்ந்த விளையாட்டிலும் கலையிலும்தான். (டியூஷன் இந்தக் கணக்கில் வராது, அது இன்னொரு வகுப்பறை.)

கரப்பந்தாட்டத்தைப் பாருங்கள். மலைச்சரிவில் கிரிக்கெட் மைதானம் வெட்டுவது லேசில்லை. 18க்கு 9 மீட்டர் சமதரை எப்படியும் அகப்பட்டுவிடும். பதிமூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி எதிர்ப்பக்கத்துப் பந்தை முன்கைகளில் வாங்கப் பழகுகிறாள். முதல் வாரம் பந்து தேயிலைக்குள் போகிறது. இறங்கித் தேடி எடுத்து வருகிறாள், காலில் அட்டையோடு. மூன்றாம் வாரம், முழங்காலை மடக்கினால் பந்து நேராக எழும்பும் என்பது அவள் உடலுக்குப் புரிந்துவிடுகிறது. திட்டமிடலையும் பொறுமையையும் கவனித்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முதிர்கிறது. இன்பத்தைத் தேடும் பகுதிகளோ முன்னதாகவே விழித்துக்கொள்கின்றன. ஆசையையும் பொறுமையையும் ஒரே நுகத்தில் பூட்ட இந்த ஆட்டத்தைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

வெறுமனே கூடினால் மட்டும் போதாது. சுவீடனில் 14 வயதினரை ஆராய்ந்த மஹோனியும் ஸ்டாட்டினும், ஒழுங்கோ வழிகாட்டலோ இல்லாமல் பொழுதுபோக்கும் இளைஞர் நிலையங்களுக்குப் போனவர்களிடம் தீய நடத்தை கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். சேருகிற பிள்ளைகளே முன்பிருந்தே வேறு சுபாவமுள்ளவர்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. இத்தகைய ஆய்வுகளை அது விடாமல் துரத்துகிறது. ஆனாலும் பள்ளி விட்ட பிறகு நடக்கும் திட்டங்களைப் பற்றிய 68 ஆய்வுகளைத் தொகுத்து டுர்லாக் குழுவினர் 2010இல் சொன்னது தெளிவு: படிப்படியாக, செய்து பார்க்க வைத்து, அதற்கென்று நேரம் ஒதுக்கி, எந்தத் திறனைப் பழகுகிறோம் என்று சொல்லிக் கற்பித்த திட்டங்களே பலன் தந்தன.

இதைப் படித்தபோது எனக்கு, மன்மதன் எரிந்த கதையைத் தோட்டத்தில் ஆடும் காமன் கூத்துதான் ஞாபகம் வந்தது. ரதி, மதன் வேடம் கட்டும் பையன்கள் பாட்டை வரி வரியாகப் பாடம் பண்ணுகிறார்கள். தப்பின் அடிக்குக் கால் பிசகினால், பழக்கும் பெரியவர் முதலிலிருந்து ஆடச் சொல்வார். நாலு நிபந்தனையும் அங்கே உண்டு.

பெண்பிள்ளைகளுக்கு அந்த மூன்று மணி நேரம் முழுதாகக் கிடைப்பதில்லை. தண்ணீர் பிடிக்க வேண்டும். பிள்ளைக் காம்பராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) தம்பியைக் கூட்டி வர வேண்டும். நான் பார்த்த ஆடுகளத்தில், வலைக் கம்பத்தடியில் ஒரு சின்னப் பையன் குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான், அக்கா ஆடி முடிக்கும்வரை.