பாதியில் நிற்கும் இன்ஜின்

போன மாதம் ஒரு குடும்பத்தின் பிக்கப் வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன். அப்பா, கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளியில் படிக்கும் மகன், மூன்று பேருமாகச் சேர்ந்து வீட்டிலேயே இன்ஜின் மாற்றுகிறார்கள். பழைய இன்ஜினை இறக்கி ஒன்பது மாதம் ஆகிவிட்டது. மாற்று இன்ஜின் ஸ்டாண்டில் நிற்கிறது. பானெட்டைக் கழற்றிய வண்டி முன்பக்கம் வெறுமையாக நிற்கிறது. "இவ்வளவு மெதுவாப் போகுதே, நாங்க ஏதாவது தப்பாப் பண்றோமா? பேசாம உங்க பட்டறைக்கே அனுப்பிடட்டுமா?" என்று அப்பா கேட்டார். கேட்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

எனக்கு வருத்தமாக இருந்தது. மெதுவாகப் போவதில் தலைகுனிய எதுவுமே இல்லை. பட்டறையில் இந்த வேலையை நாங்கள் சில நாட்களில் முடிக்கிறோம் என்றால், வண்டியைத் தூக்க லிஃப்ட் இருக்கிறது, தேவையான பேக்கிங்கும் சீலும் முன்கூட்டியே வந்துவிடுகின்றன, காலையில் தொட்டால் மாலை வரை அதே வேலை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதிலும் முதல் அரை மணி, போன வாரம் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே கரைந்துவிடும். துருப்பிடித்த சைலன்சர் போல்ட் ஒன்று தலை முறிந்தால் அன்றைய நாள் அதோடு சரி. புதிதாக வந்த ஹோஸ் அரை அங்குலம் குட்டையாக இருந்தால் அந்த மாதமே போய்விடும்.

ஆனால் மெதுவான வேலைக்கு என்று சில ஆபத்துகள் உண்டு. இத்தனை வருடங்களில் வீட்டில் இன்ஜின் மாற்றப்பட்டு, பிறகு கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வரப்பட்ட வண்டிகளை நினைத்துப் பார்க்கிறேன். வேலை தெரியாமல் கெட்டவை குறைவு. பெரும்பாலானவை, வேலையை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதால் கெட்டவை.

அண்ணன் தம்பி இருவர் வேலை செய்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். இன்ஜினை வண்டிக்குள் இறக்கி கியர் பாக்ஸோடு சேர்த்து, நான்கு போல்ட் மாட்டும்போது இருட்டிவிட்டது. அடுத்த வாரம் அண்ணன் ஊரில் இல்லை, தம்பி வந்து மிச்ச போல்ட்டையும் போட்டு இறுக்கியிருக்கிறார். இன்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் தன் இடத்தில் முழுதாக உட்காரவில்லை என்பது அண்ணனுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது. கன்வெர்ட்டரைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் அது படிப்படியாக உள்ளே இறங்கும், கடைசியில் கியர் பாக்ஸின் ஆயில் பம்ப்பில் போய்ப் பொருந்தும். பொருந்தாமல் வெளியே தள்ளி நிற்கும்போது போல்ட்டை இறுக்கினால், அந்த இறுக்கம் அத்தனையும் பம்ப்பின் மேல் போய் விழும். அந்த வண்டியில் பம்ப் நொறுங்கிவிட்டது. சரியாக உட்கார்ந்திருந்தால் இன்ஜினும் கியர் பாக்ஸும் கையால் தள்ளியே ஒட்டிச் சேர்ந்திருக்கும், கன்வெர்ட்டருக்கும், அதை இன்ஜினோடு இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற தகட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும் இருந்திருக்கும். போல்ட்டை வைத்து இழுத்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

தம்பி செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். போல்ட் மாட்டியிருந்தது, பார்க்க முடிந்த வேலை போலத் தெரிந்தது, முடித்துவைத்தார். முடியாத வேலையை முடிந்த வேலை போலத் தெரியும்படி விட்டுப் போனதுதான் அங்கே நடந்த பிழை.

இது பல வேஷத்தில் வரும். இன்ஜினின் பின்பக்கம் சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் போல்ட் எட்டையும் விரலால் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனவர், திரும்பி வந்து கிளட்ச்சைப் பூட்டிவிடுவார். பிறகு உள்ளே இறுக்காத போல்ட்டை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. ஆயில் பேனுக்கு சீலண்ட் தடவியதும் போன் வரும், பேசிவிட்டு அரை மணி கழித்து வந்து மாட்டுவார்கள். சாதாரண சிலிகான் சீலண்ட் பத்து நிமிடத்துக்குள் மேலே தோல் கட்ட ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு மாட்டினால் ஒட்டியது போல இருந்து ஒழுகும். காற்று உள்ளே போகும் இன்டேக் வழியில் தூசி போகாமல் இருக்கத் துணியைத் திணித்துவைத்து, மூன்று மாதம் கழித்து அந்தத் துணியை மறந்து அதன் மேல் மேனிஃபோல்டு என்ற காற்றுக் குழாய்த் தொகுதியை மாட்டிய வண்டியும் என்னிடம் வந்திருக்கிறது.

சிலிண்டர்களை மேலே மூடும் சிலிண்டர் ஹெட்டின் போல்ட் எல்லாவற்றையும்விட மோசம். இப்போதைய பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டை முதலில் ஒரு அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கி, அப்புறம் 90 டிகிரி, சிலவற்றில் இன்னொரு 90 டிகிரி என்று கோணக் கணக்கில் திருப்ப வேண்டும். போல்ட் கொஞ்சம் நீளும், அந்த நீட்சியின் பிடியில்தான் ஹெட் நிற்கிறது. அதனால்தான் அந்தப் போல்ட்டுகளைப் பெரும்பாலும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். இந்த வேலையின் நடுவில் எழுந்து போனால், எதைத் திருப்பினோம் எதைத் திருப்பவில்லை என்பதை டார்க் ரெஞ்சு வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் பட்டறையில் ஒவ்வொரு போல்ட்டும் கடைசிக் கோணத்தை முடித்த உடனே அதன் தலையில் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுகிறோம். கோடு இல்லாத போல்ட் இறுக்காத போல்ட். வீட்டில் செய்பவர்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது அந்தப் பேனாவைத்தான்.

ஆகவே அந்த அப்பாவிடம் சொன்னது இது: மூன்று மணி நேரம் கிடைத்தால் இரண்டரை மணி நேர வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி அரை மணி நிறுத்துவதற்கு. திறந்த வழிகளை மூடுங்கள், பாதி வேலையில் இருப்பது பாதியில் இருப்பதாகவே தெரியட்டும். கையால் மாட்டிய போல்ட்டை உள்ளே தள்ளி வைக்காமல் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி விடுங்கள், யார் பார்த்தாலும் புரியும். துணியைத் திணிக்காமல் அகலமான நிற டேப்பை மேலே ஒட்டுங்கள். இன்ஜினில் ஆயில் இல்லை என்றால் ஸ்டீயரிங்கில் பெரிய அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள், வண்டிச் சாவியை ஆயில் மூடியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். நாங்களும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறோம்.

சரி, ஒன்பது மாதமாக நிற்கும் அந்த இன்ஜினுக்கு வருவோம். நிற்கும் இன்ஜின் ஓய்வெடுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் எந்த இடத்தில் நின்றாலும் அப்போது ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்துதான் இருக்கும். அதன் வழியே ஈரக் காற்று உள்ளே போகும். சிலிண்டரின் வார்ப்பிரும்புச் சுவரில் எண்ணெய்ப் படலம் வடிந்துவிட்டால், ஈரப்பதம் அதிகமான நாட்களில் துரு படிய அதிகக் காலம் ஆகாது. பிஸ்டன் ரிங் நின்ற இடத்தில் ஒரு பழுப்பு வளையம் விழும். அப்புறம் இன்ஜின் ஓடும்போது அது ஆயில் குடிக்கும், புகை விடும், "பழைய இன்ஜினை வாங்கி ஏமாந்துவிட்டோம்" என்று வீட்டில் பேச்சு வரும். இன்டேக், எக்ஸாஸ்ட் துளைகள் எல்லாவற்றையும் மூடுங்கள். ஸ்பார்க் பிளக் துளை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க்கின் முனைப் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். இரண்டு சுற்றும் கால் சுற்றும் சுற்றினால் பிஸ்டன்கள் பழைய இடத்தில் நிற்காது. அந்த வீட்டில் சுற்றிப் பார்த்தோம், நல்ல வேளையாக வழவழப்பாகச் சுற்றியது.

பேட்டரியும் சும்மா இருந்தே கெடும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி 12.4க்குக் கீழே இறங்கிவிட்டால் சார்ஜ் போட்டாக வேண்டும். மாதக்கணக்கில் இறங்கியபடியே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து மீளாது. டேங்கில் கிடக்கும் பெட்ரோலும் சில மாதங்களில் பழசாகிவிடும், புது இன்ஜினை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

இனி நான் மிகவும் பயப்படுகிற விஷயம். பல மாதம் ஒரே இடத்தில் நிற்கும் வேலை, வீட்டு மனிதர்களின் கண்ணுக்கு ஒரு அறைகலன் மாதிரி ஆகிவிடும். முதல் வாரம் ஜாக் மேல் நிற்கும் வண்டியைக் கண்டு எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். ஆறாவது மாதம் அதே வண்டிக்கு அடியில் பந்து உருண்டால் பையன் யோசிக்காமல் உள்ளே நுழைவான். ஹைட்ராலிக் ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் சீல் கசிந்தால் அது இறங்கிவிடும். வண்டி இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிற்க வேண்டும், கீழே தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை இல்லாமல் உடையும், அவற்றின் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது.

இன்ஜின் கிரேனும் அப்படித்தான். அதிலும் அதே ஹைட்ராலிக் சிலிண்டர்தான் இருக்கிறது. வார்ப்பிரும்பு எட்டு சிலிண்டர் இன்ஜின்கள் பல 250 கிலோவைத் தாண்டும். மவுண்டிங் பொருந்தவில்லை என்று இன்ஜினைத் தொங்கவிட்டபடியே வீட்டுக்குள் போய்விடக் கூடாது, ஒரு இரவுக்குக்கூட. கீழே இறக்கிவிட்டுப் போங்கள், மறுபடி தூக்க இருபது நிமிடம் ஆகும், ஆகட்டும். கிரேனில் 2 டன் என்று எழுதியிருப்பது கையைக் குறுக்கி வைத்திருக்கும்போதுதான். கையை முழுதாக நீட்டினால் பல கிரேன்களில் அது அரை டன்னாகிவிடும். ஆனால் பிக்கப் வண்டியின் நீண்ட மூக்கைத் தாண்டி எட்ட, கையை நீட்டியே ஆக வேண்டியிருக்கும். இதைப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.

ரேடியேட்டரிலிருந்து வடித்த கூலண்ட் அந்த வீட்டில் ஒரு பேசினில், மூடாமல், சுவரோரம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயோ பூனையோ கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும், சின்னக் குழந்தைக்கும் அதே ஆபத்துதான். வடித்த அன்றே மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி, உயரத்தில் வைக்க வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிடக் கொடுமை. கழற்றிய பெட்ரோல் குழாய்களையும் அன்றே அடைத்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, தரையோடு படர்ந்து தூரத்தில் இருக்கும் அடுப்பையோ ஹீட்டரையோ போய்ச் சேரும்.

வேலை நீள்வதற்கு இன்னொரு காரணம், "கழற்றினதுதான் கழற்றினோம், இதையும் பார்த்துவிடலாமே" என்ற ஆசை. இதில் பாதி சரி. இன்ஜின் வெளியே இருக்கும்போது கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், இன்ஜின் மவுண்டிங், கைக்கு எட்டாத ஹோஸ்கள் இவற்றை மாற்றாமல் விடுவது புத்திசாலித்தனம் இல்லை, ஏனென்றால் பிறகு இவற்றில் சிலவற்றுக்காகவே மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஆனால் டேஷ்போர்டு, கதவு, பின்பக்க சஸ்பென்ஷன் இதெல்லாம் இன்ஜின் ஓடிய பிறகும் செய்யலாம். அந்தக் குடும்பம் நான்கு மாதத்தை வண்டியின் அடிப்பகுதித் துருவைச் சுரண்டுவதில் செலவழித்திருந்தது. நல்ல வேலைதான், நேரம்தான் தப்பு.

பழைய இன்ஜினை இடத்தை அடைக்கிறது என்று விற்றுவிடும் யோசனையில் இருந்தார்கள். வேண்டாம் என்றேன். ஒரே பெயரில் வரும் இரண்டு இன்ஜின்களில்கூட ஆயில் பேன் வடிவம், சென்சார் பிளக், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் மாறியிருக்கும். பழையதிலிருந்து எடுத்துப் போட வேண்டியது ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். புதியது ஓடி, வண்டி சாலையில் சில நாள் போன பிறகு விற்றுக்கொள்ளலாம்.

மகளிடம் ஒரு நோட்டு இருந்தது. எந்தப் போல்ட் எந்தப் பையில் என்று எழுதி வைத்திருந்தாள், வயரிங் பிளக் ஒவ்வொன்றுக்கும் டேப்பில் எண் ஒட்டியிருந்தாள். பட்டறையில் வேலைக்கு வரும் பையன்களிடம் நான் பல வருடமாகக் கெஞ்சிக் கேட்கிற பழக்கம் இது. அதில் ஒரு பக்கத்தை மட்டும் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னேன்: ஒவ்வொரு ஞாயிறும் எழுந்து போகும் முன், இறுக்காமல் விட்டது எது, கழற்றி மாட்டாமல் விட்டது எது, அடுத்து கைவைக்க வேண்டியது எது. அந்தப் பக்கத்தில் இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையை நானே முதல் வரியாக எழுதிக் கொடுத்தேன். அதை மாட்ட மறந்தவர்கள் அதிகம். மறந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த வழியில் ஓடும், கேபிள் சூடாகி உருகும்.

"மாமா, முதல் ஸ்டார்ட்டுக்கு நீங்க வரணும்" என்றாள். வருகிறேன் என்றேன். அதற்கு முன் செய்ய வேண்டியதையும் சொல்லிவிட்டு வந்தேன். ஆயிலும் கூலண்டும் ஊற்றி, பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் நிறுத்திவிட்டு, முதலில் கையால் இரண்டு சுற்று. சிலிண்டரில் ஊற்றிய ஆயில் தேங்கியிருந்தால் அப்போதே வெளியே வந்துவிடும். அப்புறம் ஸ்டார்ட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்டுவது. வண்டியை வெளியே தள்ளி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். மூடிய இடத்தில் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

போன ஞாயிறு நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஃபிளைவீல் போல்ட் எட்டும் இறுக்கியாயிற்று, எட்டிலும் மஞ்சள் கோடு. பைலட் பேரிங் மாட்டியாயிற்று. கிளட்ச் தொடவில்லை, கவர் போல்ட் ஆறும் மூன்றாம் எண் பையில். கூலண்ட் கேன் பரண் மேல்.

அடியில் தம்பியின் கையெழுத்தில் இன்னொரு வரி: இன்ஜின் சுற்றியாச்சு, இரண்டேகால் சுற்று.