முதுகில் தண்ணீர், பக்கத்திலேயே கேமரா: பை வாங்கும் முன் ஒரு நிமிடம்

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி கேமராவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆன் ஆகவில்லை. "தண்ணியே படலீங்கண்ணா, மழையில வெளியவே எடுக்கல" என்றார். அடித்தகட்டைக் கழற்றினால் எலுமிச்சை வாசனை வருகிறது. டயல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது, பேட்டரிக்குப் பக்கத்து கனெக்டரில் பச்சை பூத்திருந்தது. மழைத் தண்ணீர் இப்படி மணக்காதே! துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டப் போயிருக்கிறார், முதுகில் ஹைட்ரேஷன் பேக் (தண்ணீர்ப் பையை உள்ளே வைத்து, குழாய் வழியாக உறிஞ்சிக் குடிக்கிற முதுகுப்பை), அதற்குள் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த எலுமிச்சைப் பவுடர் கலந்த தண்ணீர் இரண்டு லிட்டர், அதே அறையில் துண்டில் சுற்றிய கேமரா. மேலே மழை உறை வேறு. உறை வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும், சரி. உள்ளே கசிந்தால் அதையும் கீழே ஒழுகவிடாமல் அடியில் தேக்கி வைத்துக்கொள்ளும், கேமரா அதில் ஊறும்.

கோவையில் கேமரா சர்வீஸ் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையேறுகிற ஆள்தான். அதனால் "எந்தப் பை வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் அதிகம், அவர்களிடம் நான் லிட்டர் கணக்கையோ நிறத்தையோ பேசுவதில்லை. தண்ணீர் எங்கே கசியும், கசிந்தால் எங்கே போகும், அதை மட்டும் பாருங்கள் என்பேன்.

இந்தப் பை பிறந்த கதையே தண்ணீருக்கான கதை. 1980களின் கடைசியில் டெக்சாஸ் வெயிலில் நூறு மைல் சைக்கிள் ஓட்டத்துக்குப் போன மைக்கேல் எய்ட்சன் என்ற அவசர மருத்துவ ஊழியர், குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் திணித்து, சட்டை முதுகில் மாட்டிக்கொண்டு குழாயைத் தோள்வழியாக இழுத்துவிட்டார். இந்தப் பைகளுக்குப் பேர்போன கேமல்பேக் நிறுவனம் அப்படி வந்ததுதான். கேமராவை அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

என் அனுபவத்தில் தண்ணீர்ப் பை கிழிந்து கேமரா நனைந்தது அபூர்வம், காரணம் பெரும்பாலும் வேறு மூன்று. மூடி சரியாக உட்காராதது ஒன்று, ஹோஸ், அதாவது உறிஞ்சுகிற குழாய், மாட்டும் இடத்தில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தாதது இன்னொன்று. மூன்றாவதுதான் யாரும் யோசிக்காதது: கடித்து உறிஞ்சுகிற அந்த வால்வு. படம் எடுக்க நிறுத்துகிறீர்கள், பையைக் கழற்றித் தரையில் போடுகிறீர்கள், பையின் எடை வால்வின் மேல் உட்காருகிறது, வால்வு பிதுங்கித் திறக்கிறது. வால்வு கீழே, தண்ணீர் மேலே, அப்புறம் என்ன, தோட்டத்துக்கு மோட்டார் போட்ட மாதிரி தானாக இழுத்துக்கொண்டு வரும். நீங்கள் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பனிமூட்டம் விலகக் காத்திருப்பீர்கள், பைக்குள் மிச்சமிருக்கிற லென்ஸ் குளித்துக்கொண்டிருக்கும். ஆகவே வால்வில் திருகிப் பூட்டுகிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பையில் தண்ணீருக்கென்று தனி அறை வேண்டும். நடுவில் வலைத்துணி இருந்தால் அது தனி அறை ஆகாது. தண்ணீர் ஊடுருவாத துணியாக இருக்க வேண்டும், அந்த அறையின் அடியில் கசிவு வெளியேற ஒரு சின்ன ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது. கடையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாலே தெரியும். கேமராவை அப்படியே போடாமல், பஞ்சு வைத்த உள்பெட்டிக்குள் வைத்து, அதையும் வாயைச் சுருட்டி மூடுகிற டிரை பேக்குக்குள் வைத்துவிடுங்கள். படம் எடுக்க அவசரத்தில் திறப்பது எரிச்சல்தான், தெரியும். மதர்போர்டு மாற்றும் செலவைச் சொன்னால் அந்த எரிச்சல் போய்விடும்.

தண்ணீர் முதுகை ஒட்டி, கேமரா அதற்கு அடுத்து, கொஞ்சம் கீழே. விழுந்தால் முதுகு தரையில் படலாம், நீள லென்ஸ் ஒன்று முதுகெலும்புக்கு நேராக நிற்பதை நினைத்துப் பாருங்கள். பம்ப்பையும் ஸ்பேனரையும் அதே நேர்க்கோட்டில் வைக்காதீர்கள், கேமராவோடு சேர்த்து வைக்கவே வேண்டாம். ஈவாக் மாதிரி சில நிறுவனங்கள் முதுகுக்காப்பு வைத்தே பை செய்கின்றன, கல்லும் வேருமாக உள்ள இறக்கங்களில் ஓட்டுபவர்களுக்கு அது வீண் செலவு இல்லை.

ஐஸ் போட்ட தண்ணீர் வேண்டாம். குளிர்ந்த பையை ஒட்டிக் கிடந்த லென்ஸை ஈரக்காற்றில் வெளியே எடுத்தால் கண்ணாடியில் வியர்த்துவிடும், ஈரத்தோடே மூடி அலமாரியில் வைத்தால் பூஞ்சை. பவுடரையும் தண்ணீர்ப் பையில் கலக்காதீர்கள். வெறும் தண்ணீரில் நனைந்ததைக் காப்பாற்ற ஓரளவு வாய்ப்பு உண்டு, உப்பும் சர்க்கரையும் உலர்ந்த பிறகும் உள்ளேயே உட்கார்ந்து அரிக்கும்.

கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் என்றால் இரண்டு கிலோ, கேமராவும் லென்ஸும் ஒன்றரை கிலோவைத் தொடும், டியூபும் சாமானும் சேர்ந்தால் நான்கைத் தாண்டும். அந்த எடையை உள்ளே போட்டு, ஹெல்மெட்டும் மாட்டி, ஹேண்டில் பிடிக்கிற மாதிரி குனிந்து தலையைத் தூக்குங்கள். ஹெல்மெட்டின் பின்பக்கம் பையில் இடித்தால் இறக்கத்தில் பாதை தெரியாது. இரண்டு குதி குதியுங்கள். நெஞ்சுப் பட்டையும் இடுப்புப் பட்டையும் போட்ட பிறகும் பை தோளைவிட்டு எழும்பினால் வேறு பை பாருங்கள். (கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேரச் சவாரிக்கு நான் முதுகில் தண்ணீர் சுமப்பதே இல்லை. சைக்கிள் பிரேமில் பாட்டில், முதுகில் கேமரா மட்டும். பாட்டில் வாயில் சேறும் சாணியும் தெறிக்கும், மூடி போட்ட பாட்டில் வாங்கினால் தீர்ந்தது. அரை நாளுக்கு மேல், வழியில் கடையே இல்லாத இடம் என்றால்தான் இந்தப் பையெல்லாம்.

இத்தனைக்கும் பிறகு கேமரா நனைந்துவிட்டால் "ஆன் ஆகுதா" என்று போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள். மின்சாரம் ஓடுகிற ஈரம்தான் போர்டைச் சீக்கிரம் அரிக்கும். பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டுத் துடைத்து அப்படியே கொண்டுவாருங்கள், ஹேர் டிரையர் போடாதீர்கள், என்ன கொட்டியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்தத் தம்பி இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்து, நடுநடுவே எடுத்து ஆன் செய்து பார்த்திருக்கிறார். எலுமிச்சைப் பவுடரோடு அரிசித் தூளும் சேர்ந்துவிட்டது. போர்டு போனது போனதுதான்.

அரிசி வேறொன்றுக்கு உதவும். புதிதாக வாங்கிய தண்ணீர்ப் பையை வாய்வரை நிரப்பி, ஹோஸ் மாட்டி, வால்வைப் பூட்டி, இரண்டு மடிப்புச் செய்தித்தாளுக்கு நடுவே தரையில் படுக்க வைத்து, மேலே ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாள் எங்கேயாவது நமுத்திருந்தால், பில்லோடு கடைக்குத் திரும்பப் போங்கள்.